ஸ்டேஷனில் நின்று சாப்பிட்டால் என்ன குறைந்துவிட்டது?

ஜப்பானின் நகோயா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நான் எடுத்துப் போட்ட கிஷிமென் நூடுல்ஸ் படத்துக்குக் கீழே நடந்ததை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். "ஜப்பான் வரைக்கும் போய் பிளாட்பாரத்தில் நூடுல்ஸா?" என்று ஒருவர் ஆரம்பித்தார். "டிக்கெட் எடுத்ததிலேயே காசு தீர்ந்துபோச்சா?" என்றார் இன்னொருவர். கடைசியில் பயணக் குழு நடத்துகிறவர் ஒருவர் வந்து, கட்டாயம் சாப்பிட வேண்டிய பத்துக் கடைகள் என்று ஒரு பட்டியலை ஒட்டிவிட்டுப் போனார். கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். ஜப்பானில் நல்ல சாப்பாட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த ஊர்க்காரர் வேலைக்குப் போகிற வழியில் எங்கே சாப்பிடுகிறாரோ அங்கே போனால் போதும். ஸ்டேஷனுக்குள், ஆபீஸ் கட்டடங்களின் அடித்தளத்தில், டிபார்ட்மென்ட் ஸ்டோரின் மேல்மாடியில், ரயில் பாலத்துக்குக் கீழே இருக்கிற கடைகளில். பட்டியல் கடைக்குப் போனால், அதே பட்டியலைக் கையில் வைத்திருக்கும் இன்னொரு வெளிநாட்டுக்காரருக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்பீர்கள். அங்கே சாப்பாடு மோசம் என்று நான் சொல்லவே இல்லை. அங்கே மட்டும்தான் நல்லது கிடைக்கும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

கிஷிமென் நகோயாவுக்கே உரியது. பட்டையான கோதுமை நூடுல்ஸ், சூடான சாறு, மேலே மெல்லிசாகச் சீவிய காய்ந்த சூரை மீன். ஆவி பட்டதும் அந்தச் சீவல் நெளியும். அதற்காகவே ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள் உண்டு. என்னை அங்கே கூட்டிப்போனவர் வேலை விஷயமாகப் பழக்கமான நகோயாக்காரர், வயதில் என்னைவிட மிகவும் பெரியவர். எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போயிருக்கலாம். "இதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்" என்று பிடிவாதமாகச் சொன்னார். நான் சாற்றை மிச்சம் வைக்காமல் குடித்ததைப் பார்த்து அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தக் கிண்ணத்தைப் பார்த்துத்தான் நீங்கள் சிரித்தீர்கள்.

ஸ்டேஷன் சாப்பாடு என்றாலே மட்டம் என்பது நம் ரயில்களில் சாப்பிட்டு வந்த எண்ணம். அதை ஏன் அங்கே கொண்டுபோகிறீர்கள்? அங்கே ஸ்டேஷனில் விற்கும் பெட்டிச் சாப்பாட்டுக்கு எகிபென் என்று தனிப் பெயரே உண்டு, ஊருக்கு ஊர் அது மாறும். யொகொகாவா ஸ்டேஷனில் 1958-இல் இருந்து சின்ன மண்சட்டியில் சோறு விற்கிறார்கள். சாப்பிட்ட பிறகு சட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஹொக்கைடோவின் மோரி ஸ்டேஷனில் கணவாய் மீனுக்குள் அரிசி அடைத்து வேகவைத்துத் தருவார்கள். தோக்கியோ ஷின்ஜுகுவில் இருக்கும் கெயோ டிபார்ட்மென்ட் ஸ்டோர் 1966-இல் இருந்து ஜனவரி மாதங்களில் எகிபென் திருவிழா நடத்துகிறது. ரயில் ஏறவே போகாத ஆட்கள் வரிசையில் நின்று ஸ்டேஷன் சாப்பாடு வாங்குகிறார்கள். அவர்களிடமும் காசு இல்லையா?

மொழி தெரியாமல் இப்படிப்பட்ட கடைக்கு எப்படிப் போவது என்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொரு சாப்பாட்டின் பொம்மையும் விலையோடு வைத்திருக்கும் நாட்டில் இது ஒரு கேள்வியா? விரலால் காட்டினால் போதும். பல கடைகளில் மெஷினில் காசு போட்டுச் சீட்டு எடுத்து நீட்ட வேண்டியதுதான்.

பட்டியல் இல்லாமல் தரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? கடைகளுக்கு மார்க் போடுகிற தபேலாக் என்ற இணையதளம் இருக்கிறது, ஜப்பானியர்கள் பார்ப்பது அதைத்தான். அவர்கள் மார்க் போடுவதில் படு கறார். அதில் ஐந்துக்கு 3.5 வாங்கினாலே நல்ல கடை. 3.2 இருக்கிற தெருமுனைக் கடையிலும் திருப்தியாகச் சாப்பிடலாம். நாம் 4.8-க்குக் கீழே இருந்தால் உள்ளே நுழைய மாட்டோம்.

எங்களுக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று சைவக்காரர்கள் கேட்பது மட்டும் நியாயம். அதில் நான் வாதாட மாட்டேன். நூடுல்ஸ் சாறு, மிசோ சூப், வேகவைத்த காய்கறி என்று பெரும்பாலானவற்றில் மீன் சாறு இருக்கும். மீன் வேண்டாம் என்றால் துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள், சாறு அதேதான். சைவக்காரர்கள் முன்கூட்டியே திட்டமிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் புத்த மடங்களின் ஷோஜின் சமையல் முழுக்க சைவம். கொம்பு என்ற கடற்பாசியிலும் காய்ந்த காளானிலும்தான் சாறு எடுப்பார்கள், வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. என் தங்கை முட்டைகூடத் தொடாதவள். கோயா மலை மடத்தில் தங்கிச் சாப்பிட்ட எள் தோஃபுவைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறாள். எனக்கு வந்த கமெண்டுகளில் ஒன்றுகூட இதைக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் கேட்டதெல்லாம் காசு. சரி, காசையே பேசுவோம். ராத்திரி 10,000 யென்னுக்கு மேல் வாங்கும் கடைகள் பல, மதியம் அதே சமையல்காரரின் கையால் அதில் ஒரு சின்னப் பங்குக்குச் சாப்பாடு போடுகின்றன. சுமார் 1,000 யென்னுக்கு சோறு, சூப், ஊறுகாய், பொரித்த மீனோ கறியோ வைத்த தெய்ஷோகு ஊரெங்கும் கிடைக்கும். குறைந்த விலைக்கு விற்கிறார் என்பதால் கடைக்காரர் கவனம் இல்லாமல் சமைக்கிறார் என்று யார் சொன்னது? ஒரே ஒரு பண்டத்தை வருடக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிற ஆள் அவர். நீங்கள் முகம் சுளிப்பது நூடுல்ஸைப் பார்த்து இல்லை. பை மாட்டிக்கொண்டு அவசரமாக நின்று சாப்பிடுகிற மனிதர்களைப் பார்த்து. நம் ஊரிலும் தள்ளுவண்டியில் சாப்பிடுகிறவரை நீங்கள் இப்படித்தான் பார்க்கிறீர்கள். ஜப்பான் ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நகோயாப் பெரியவர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார். மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தி எல்லாக் கமெண்டையும் படித்திருக்கிறார். "உங்களை இன்னும் நல்ல இடத்துக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும், மன்னித்துவிடுங்கள்" என்று எனக்குச் செய்தி அனுப்பினார். தன் ஊரிலேயே தனக்கு மிகவும் பிடித்ததை விருந்தாளிக்குக் கொடுத்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். சிரித்தவர்கள் யாராவது அவருக்குப் பதில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், அவர் படித்துக்கொள்வார்.