மோந்து பார்த்து மணம் அடித்தால் அது மருந்தா?

அந்த வீடியோவைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன பதிவுக்குக் கீழே வந்து குவிந்திருக்கிற கமென்டுகளைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எந்த வீடியோ என்று கேட்காதீர்கள், உங்களில் பாதிப் பேர்தான் எனக்கு அதை அனுப்பினீர்கள். கேரளாவில் மூணாறுக்கு அப்பால் இருக்கிற எங்கள் வட்டவடை போகிற வழியில், கிராண்டிஸ் என்கிற தைல மர வகைத் தோப்பில் நின்றுகொண்டு, ஒரு இலையைப் பறித்துக் கசக்கி, கண்ணை மூடி மோந்து, "இதுதான் மக்களே ஒரிஜினல் நீலகிரித் தைலம்" என்றாரே, அந்தத் தம்பி. அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். "கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் பாலில் ரெண்டு சொட்டு விட்டுக் கொடுங்க" என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

திரும்பவும் சொல்கிறேன். தைலம் குடிக்கிற சாமான் இல்லை. குழந்தைக்கு இல்லவே இல்லை. மணக்கிறது என்பதற்காக எதுவும் மருந்தாகிவிடாது.

முதலில் அவர் கட்டிப்பிடித்து நின்ற மரத்துக்கு வருவோம். மூணாறிலிருந்து காந்தலூர், வட்டவடை வரை நம் பக்கம் நெடுநெடுவென்று நிற்பது பெரும்பாலும் கிராண்டிஸ். விறகுக்கும் காகிதக் கூழுக்கும் வைத்த மரம். அதன் இலையில் எண்ணெயே குறைவு, தைலத்துக்கு வேலை தருகிற சினியோல் அதைவிடக் குறைவு. நீலகிரியில் காய்ச்சுவது குளோபுலஸ் என்கிற வேறு மரத்தின் இலை. டாஸ்மேனியாவும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மூலையும்தான் அதற்குச் சொந்த ஊர். கன்றாக இருக்கும்போது இலை நீலச் சாம்பல் பூத்து, காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டியிருக்கும். மரமானதும் அரிவாள் மாதிரி வளைந்து நீளமாகத் தொங்கும். இதெல்லாம் போக, எலுமிச்சை மணம் அடிக்கிற தைல மரம் ஒன்று தனியாக உண்டு. அதன் எண்ணெயில் முக்கால்வாசி சிட்ரோனெல்லால் என்கிற மணப்பொருள். அது சோப்புக்கும் கொசு விரட்டிக்கும் போகும். மூன்று இலையையும் கசக்குங்கள், மூன்றும் ஜம்மென்று மணக்கும். மறையூர்ப் பக்கம் காய்ச்சுகிற புல் தைலமும்தான் மணக்கும், அது மரமே இல்லை.

என் பெரியப்பா குன்னூருக்கு அந்தப் பக்கம் தைலம் காய்ச்சுகிற கொட்டகையில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூட லீவுக்கு அங்கேதான் போவோம். பெண்கள் காட்டில் பெருக்கிக் கூட்டிய இலையைச் சாக்கில் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டு வருவார்கள். ஆள் உயர டேங்குக்குள் இலையைக் கொட்டி, மேலே ஏறி மிதித்து மிதித்து அமுக்குவார்கள். மூடி உட்காரும் இடம் முழுக்கக் களிமண்ணைக் குழைத்துப் பூசுவார் பெரியப்பா, ஒரு இடுக்கில்கூட ஆவி போகக் கூடாது. அடுப்புக்குப் போடுவது முந்தின நாள் காய்ச்சி எடுத்த சக்கை இலைதான், வெயிலில் உலர்த்தியது. ஆவி குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கிப் போய் மறுபக்கம் சொட்டும். தகர டின்னில் தண்ணீர் அடியில் நிற்கும், தைலம் மேலே மிதக்கும். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ தைலம் கிடைத்தால் பெரிய விஷயம். அவ்வளவு இலையின் காரமும் அந்த ஒரு கிலோவில் இறங்கியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள், பிறகு பாலில் சொட்டு விடுங்கள்.

பெரியப்பாவின் சட்டை, கம்பளி, சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் தைல வாசம். ஆனால் வீட்டில் பாட்டில் இருந்த இடம் பரண். ஸ்டூல் போட்டு ஏறினால்கூட எங்களுக்கு எட்டாது. பெரியம்மாவுக்குத் தலைவலி என்றால் தேங்காய் எண்ணெயில் கலந்துதான் நெற்றியில் தேய்ப்பாள். சளி என்றால் ஆவி பிடிப்பது பெரியவர்கள் மட்டும். தைலத்திலேயே வாழ்ந்த வீட்டில் ஒரு பிள்ளையின் வாய்க்குள்ளும் அது போனதில்லை.

சரி, கமென்டுக்கு வருகிறேன்.

"எங்க பாட்டி கொடுத்தாங்க, நாங்க நல்லாத்தானே இருக்கோம்." இருங்கள், நீண்ட ஆயுளோடு இருங்கள். ஒரு தேக்கரண்டி அளவு உள்ளே போனதற்கே குழந்தைகளுக்கு மயக்கமும் வலிப்பும் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது மருத்துவத் துறையில் பதிவான விஷயம். ரெண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்குக்குப் பக்கத்தில் தடவுவதே ஆகாது, மூச்சு முட்டும். இதில் உங்கள் பாட்டியை நான் எங்கே குறை சொன்னேன்?

"இது சித்தர்கள் சொன்ன ஆயிரம் வருஷத்து மருந்து." இதற்குத்தான் நானூறு லைக். ஐயா, நீலகிரிக்கு அந்த மரம் வந்ததே 1843-ல். பெங்களூர் பக்கத்து நந்தி மலையில் திப்பு சுல்தான் வைத்ததைச் சேர்த்தாலும் 1790-ஐத் தாண்டாது. மரத்தின் சொந்த நாடான ஆஸ்திரேலியாவிலேயே வியாபாரமாகத் தைலம் காய்ச்ச ஆரம்பித்தது 1850-களில், ஜோசப் பொசிஸ்டோ என்கிற மருந்துக் கடைக்காரர். எந்தச் சித்தர் கப்பலேறி டாஸ்மேனியா போனார், சொல்லுங்கள், அவரைக் கும்பிடுகிறேன்.

"இருமல் மிட்டாயில் போடுறானே, அது மட்டும் என்ன?" அளந்து போடுகிறான். அதுவும் தூசியளவு. அடுத்தது.

"கம்பெனிக்காரன் காசு கொடுத்தானா?" இதற்குப் பதில் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். நானும் கடையில் தைலம் விற்கிறவள்தான். வெள்ளைப் பூண்டும் சர்க்கரைக் கட்டியும் விற்கிற அதே அலமாரியில் தைல பாட்டிலும் இருக்கிறது. கெடுத்துக்கொள்வது என் வியாபாரத்தைத்தான். போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஜோடி வந்தார்கள். அந்தப் பெண்ணின் தோளில் பிள்ளை, ஒரு வயசு இருக்கும், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "அக்கா, குழந்தைக்குக் கொடுக்கிற தைலம் இருக்கா, நல்ல பச்சையா இருக்குமாமே" என்றாள். வீட்டுக்காரர் செல்போனை நீட்டினார், அதே வீடியோ. நல்ல தைலம் தண்ணீர் மாதிரி இருக்கும், மிஞ்சினால் இளமஞ்சள். பச்சையாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். மருந்துத் தரத்துக்கு நூற்றுக்கு எழுபதாவது சினியோல் இருக்க வேண்டும், அதை மூக்கால் அளக்க முடியாது, நிறத்தாலும் முடியாது. இவ்வளவும் சொன்னேன். "விற்க இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லுங்க" என்று அவர் கோபமாகப் போய்விட்டார். அடுத்த கடையில் வாங்கினார்களா, கொடுத்தார்களா, தெரியாது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதையெல்லாம்விட உறைத்தது ஒரு கமென்ட்தான்: "கேரளாக்காரி, உனக்கு எதுக்கு எங்க தமிழ் வைத்தியம்?" நல்லது. இங்கே கேரளாவில் பஸ்ஸில் ஏறினால் நான் பாண்டிக்காரி, அதாவது தமிழ்நாட்டுக்காரி. அங்கே உங்களுக்குக் கேரளாக்காரி. எங்கள் கோவிலூரிலும் கொட்டாக்கம்பூரிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசிக்கொண்டு பூண்டு வைத்துப் பிழைக்கிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று நீங்களே கூடிப் பேசி முடிவு செய்து சொல்லுங்கள். குறிஞ்சி பூத்தால் மட்டும் நாங்கள் ஞாபகத்துக்கு வருவோம். 2018-ல் வந்தீர்கள், செல்ஃபி எடுத்தீர்கள், போனீர்கள். இந்தக் கிராண்டிஸ் மரம் எங்கள் ஊற்றையெல்லாம் உறிஞ்சிக் குடிக்கிறது, வெட்டி எடுங்கள் என்று நாங்கள் கத்தியபோது ஒரு லைக் விழவில்லை. இன்று அதே மரத்தைக் கட்டிப்பிடித்து "மூலிகைத் தாய்" என்கிறார் ஒருவர், கீழே ஆயிரம் இதயம். தண்ணீருக்கு வரிசையில் நிற்பது யார் வீட்டுக் குடம்?

எங்கேயோ போய்விட்டேன். விஷயம் இதுதான். தெரியாமல் ஏதாவது பிள்ளை விழுங்கிவிட்டால், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மூச்சுக்குழாயில் ஏறினால் இன்னும் மோசம். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பத்து நிமிஷம். வட்டவடையில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு மூணாறு வரை சுமார் 45 கிலோமீட்டர் வளைவு ரோடு, பாதி வழியில் சிக்னல் கிடைக்காது.

வீடியோ இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, நீக்கவில்லை. நான் ரிப்போர்ட் அடித்துவிட்டேன், நீங்களும் அடியுங்கள். பாட்டியையும் சித்தரையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தத் தடவை பதில் கிடையாது, பிளாக்தான்.