பென்ஷன் இலக்கியவாதியின் பதில்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நூல் வெளியீட்டில் நடந்ததைக் கேள்விப்பட்டுப் பலர் தொலைபேசியில் ஆறுதல் சொன்னீர்கள். எனக்கு ஆறுதல் தேவையில்லை. பணி ஓய்வு பெற்றவர்கள் பொழுது போகாமல் பேனாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், இது பென்ஷன் இலக்கியம் என்று நூலை எழுதிய தம்பி மேடையில் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த நானும் எல்லோருடனும் சேர்ந்து சிரித்துவைத்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நான் பொழுது போகாமல் எழுத வரவில்லை. பொழுது கிடைக்காமல் எழுதாமல் இருந்தேன்.

1983-இல் அஞ்சலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது 22. மணியார்டர் படிவத்தில் பணம் பெறுபவருக்குச் செய்தி எழுதக் கொஞ்சம் இடம் இருக்கும். எழுதத் தெரியாதவர்கள் அதை என் பக்கம் நீட்டுவார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் மகனுக்கு ஐம்பது ரூபாய் அனுப்ப வந்த ஓர் அம்மா, “பொங்கலுக்கு நீ வராட்டாலும் பரவாயில்லன்னு எழுது தாயி” என்றார். அப்படியே எழுதினால் பையன் வராமலே இருந்துவிடுவான். வா என்று எழுதினால் அது அவர் சொன்னதாகாது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, அந்த ஒற்றை வரிக்காக நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு திணறினேன்.

2021-இல் ஓய்வு பெற்ற பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது 1986-ஆம் ஆண்டு டைரி ஒன்று கிடைத்தது. பக்கம் பக்கமாகப் பால் கணக்கு, மளிகை, சீட்டுப் பணம். ஒரு பக்கத்தில் மட்டும் “இன்று மணியார்டர் அனுப்ப வந்த அம்மா” என்று தொடங்கி, முற்றுப்புள்ளிகூட இல்லாமல் நின்றிருந்தது. அதற்குக் கீழே, “கிரைப் வாட்டர் 1”. குழந்தை அழுதிருக்கும், எழுந்து போயிருப்பேன். 35 ஆண்டுகள் கழித்து அந்த வாக்கியத்தை முடிக்க உட்கார்ந்தேன். இந்த வயதில் எழுதும் உந்துதல் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

உ.வே.சாமிநாதையர் 1919-இல் மாநிலக் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். தன் வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940-இல், 85-ஐ ஒட்டிய வயதில். தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரி. அவருடைய முதல் நாவல் 1988-இல் நூலாக வந்தபோது அவருக்கு 44-ஐ ஒட்டிய வயது. உன்னை உ.வே.சா.வோடு ஒப்பிடுகிறாயா என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஒப்பிடவில்லை. பென்ஷன் வாங்கும் கை எழுதக் கூடாது என்ற சட்டம் அன்று இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

தாமதமாக வருகிறவர்களுக்குப் பயிற்சி போதாது என்பது உண்மையாக இருக்கலாம். என் முதல் ஐந்து கதைகளை நானே கிழித்துப் போட்டேன். எல்லோரும் எழுதினால் படிப்பது யார் என்ற கேள்விக்கு மட்டும் விடை தெரியும். உங்கள் நூல் வெளியீடுகளில் நாற்காலிகளை நிரப்புகிற, புத்தகம் வாங்குகிற நரைத்த தலைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மனமிருந்தால் நள்ளிரவில்கூட எழுதியிருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து இரண்டு அடுக்குச் சாப்பாடு கட்டியவளுக்கு நள்ளிரவு என்பது படுக்கைதான். அதே மேடையில் அந்தத் தம்பி தன் ஏற்புரையில், வீட்டுக் கவலை எதையும் தன்னிடம் கொண்டுவராமல் பார்த்துக்கொண்டதற்காகத் தன் மனைவிக்கு நன்றி சொன்னார். அரங்கம் கைதட்டியது. எனக்கு அப்படி ஒரு மனைவி வாய்க்கவில்லை.

கூட்டம் தொடங்கும் முன்பே அவர் புத்தகத்தை முழு விலை கொடுத்து வாங்கியிருந்தேன். இரண்டு கதைகள் படித்தாயிற்று. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், அதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.