பாறையையும் படத்தில் விடுங்கள்

பாறைக்கரைகளில் சிற்றுயிர்களைப் படமெடுக்கும் நண்பர்களிடம் எனக்கு ஒரு தீராத வழக்கு இருக்கிறது. நண்டின் கண் மட்டும் கூர்மையாகத் தெரிகிறது, சுற்றியுள்ளதெல்லாம் பச்சையும் சாம்பலும் கலந்த புகை. அதற்குத்தான் பாராட்டு குவிகிறது. பட்டாம்பூச்சிக்கு அந்த அழகு பொருந்தலாம். கடற்பாறையில் பின்னணியை மங்கச் செய்தால் அந்த உயிரின் முகவரியையே அழித்துவிடுகிறோம்.

குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரைக்குப் போகிறவர்கள் கடல் வற்றியிருக்கும் நேரத்தில் ஒரு பெரிய பாறையை மேலிருந்து கீழாகப் பாருங்கள். சாரல் மட்டும் படும் உச்சியில், விரிசல்களுக்குள் மிளகளவு நத்தைகள் ஒண்டியிருக்கும். அதற்குக் கீழே கொட்டலசு (பார்னக்கிள்). தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு கால்களால் இரை பிடிக்கிற விசித்திரப் பிறவி அது. இன்னும் கீழே சிப்பிகள், ஈரம் காயாத அடியில் பாசி. யார் எந்த மட்டத்தில் வாழ்வது என்பது அங்கே சண்டையிட்டு முடிவான விஷயம்.

ஸ்காட்லாந்துக் கரையில் இரண்டு வகைக் கொட்டலசுகளை வைத்துத் தாம் செய்த ஆய்வைச் சூழலியலாளர் ஜோசப் கானெல் 1961இல் வெளியிட்டார். மேலே வாழும் சிறிய வகையால் கீழேயும் வாழ முடியும். ஆனால் வேகமாக வளரும் பெரிய வகை அதன் மேல் ஏறி நசுக்கியும், அடியில் புகுந்து நெம்பியும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பெரிய வகையோ மேலே போனால் வெயிலில் காய்ந்து மடிகிறது. சில அடி உயரத்துக்குள் இத்தனை எல்லைத் தகராறு! பாறையை மங்கலாக்கிய படத்தில் இதில் எதைப் பார்ப்பது?

கூம்பு வடிவ ஓட்டோடு பாறையில் அப்பிக் கிடக்கும் நத்தைகளைக் கவனித்திருப்பீர்கள். அவற்றில் சில வகைகள் பாசி மேயப் போய்விட்டு, கிளம்பிய அதே இடத்துக்கே திரும்பிவருகின்றன. ஓட்டின் விளிம்பு அந்த இடத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அச்சாகப் பொருந்தியிருக்கும். அந்தப் பொருத்தம்தான் வெயிலில் உள்ளே ஈரத்தைக் காக்கிறது. அப்படியொரு நத்தையைக் கத்தியால் நெம்பி, வெள்ளைத் தாளில் வைத்து எடுத்த படம் ஒன்றைச் சென்ற மாதம் பார்த்தேன். ஒளி அருமை, கோணம் அருமை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

விலையுயர்ந்த மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த வேலைக்குக் கைப்பேசியே பெரும்பாலும் மேல். அதன் சென்சார் சிறியது என்பதால் உயிரும் பாறையும் சேர்ந்தே தெளிவாக விழும். கேமராதான் வேண்டும் என்றால் லென்ஸ் துளையை அகலத் திறக்கும் எஃப் 2.8ஐ மறந்துவிட்டு, துளையைச் சுருக்கும் எஃப் 11க்குப் போங்கள். குட்டைநீரின் பளபளப்பை லென்ஸின் முன் மாட்டும் ஒரு போலரைசர் வடிகட்டி பெருமளவு குறைக்கும். கடலுக்கு முதுகைக் காட்டி மட்டும் குனியாதீர்கள். உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல், அதாவது தொலைதூரக் கடலில் கிளம்பிய பேரலைகள், வரும். இந்தியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸின் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே பாறையில் இறங்குங்கள்.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். குமரி மாவட்டத்தில் பரவலாக உள்ள சார்னோக்கைட் பாறைக்குக் கொல்கத்தாவில் அடக்கமான கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் பெயர்; அவருடைய கல்லறைக்கல் அந்த வகைதான். கல்லறையிலிருந்து பெயர் வாங்கிய கல் என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி. இப்பகுதிப் பாறைகள் பலவற்றில் சிவப்புச் சிவப்பாகக் கார்னெட் மணிகள் பதிந்திருக்கும். மணவாளக்குறிச்சி மணலிலும் அதே கார்னெட் உண்டு. இவற்றை ஈரத்தோடு, கிடக்கும் இடத்திலேயே எடுங்கள். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் காய்ந்து வெளிறித்தான் போகும். அடியில் என்ன இருக்கிறது என்று கல்லைப் புரட்டுகிறவர்கள், தயவுசெய்து பழையபடியே திருப்பி வையுங்கள். நிழலில் வாழ்ந்தவை வெயிலில் காய்கின்றன, மேலிருந்த பாசி அடியில் அழுகுகிறது.

உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்தை ஏற்றிவிட்டு ‘இது என்ன நத்தை?’ என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். முதல் படம் இரண்டடி தள்ளி, முழுப் பாறையோடு. அடுத்தது அருகில். கூடவே கடல் ஏறியிருந்ததா வற்றியிருந்ததா, பாறையில் எந்த மட்டத்தில் இருந்தது என்று ஒரு வரி. அதற்குப் பிறகு நண்டின் கண்ணை எவ்வளவு நெருங்கி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், நானும் ஒரு விருப்பக்குறி போடுகிறேன்.