வாசலில் வைத்துவிட்டுப் போன மதியச் சாப்பாடு

கிராமப்புறத்தில் கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் இடம் என்றாலே மரம், பறவை, அமைதி என்று பேச்சு போய்விடுகிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், பீட்டர்பரோவில் இருக்கும் மெக்டவல் என்ற இடத்தைப் பற்றியும் (2020 வரை அதன் பெயர் மெக்டவல் காலனி) அப்படித்தான் எழுதுகிறார்கள். அங்கே போன பெண் இசையமைப்பாளர்களுக்குக் காட்டைவிடப் பெரிய உதவியாக இருந்தவை இரண்டு: குறுக்கீடு இல்லாத நீண்ட பகல், பியானோ சத்தம் யார் காதிலும் விழாத தூரம்.

1907இல் இதைத் தொடங்கியவர்கள் இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலும் அவர் மனைவி, பியானோ கலைஞர் மேரியனும். அடுத்த ஆண்டே எட்வர்ட் இறந்துபோனார். அதன்பின் மேரியன்தான் ஊர் ஊராகக் கணவரின் இசையை வாசித்துப் பணம் திரட்டி இடத்தைக் காப்பாற்றினார். 1938 சூறாவளி காட்டைச் சாய்த்துப்போட்டபோது அவருக்கு வயது 80. அப்போதும் நிதி கேட்டுக் கிளம்பினார்.

ஏற்பாடு எளிமையானது. காலையும் இரவும் பொதுக் கூடத்தில் சாப்பாடு. மதியச் சாப்பாடு கூடையில் ஸ்டூடியோ வாசலுக்கு வரும். கொண்டுவருபவர் கதவைத் தட்டமாட்டார். கூப்பிடாமல் யாரும் யார் ஸ்டூடியோவுக்கும் போகக் கூடாது. இந்த விதியின் அருமை இசை எழுதுபவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். நான்கு குரல்களை மனதில் ஓடவிட்டு அடுத்த ஸ்வரக்கூட்டைத் தேடும்போது ஒரு தட்டல் போதும், நான்கும் கலைந்துவிடும். அதோடு, ஒரே இடத்தைத் தப்பும் சரியுமாக ஐம்பது முறை வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கும். பக்கத்தில் ஆள் கேட்கிறார் என்று தெரிந்தாலே கை பழகிய வழிக்குத் திரும்பிவிடும்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஏமி பீச் 1921இல் முதன்முதலாக அங்கே போனார். ஹெர்மிட் த்ரஷ் என்ற பறவையின் கூவலைக் கேட்டு, அதே சுருதியில், ஆனால் ஓர் எண்மம் (ஒரு ஸ்தாயி) கீழே இறக்கி எழுதிக்கொண்டார். இரண்டு பியானோ படைப்புகள் அதிலிருந்து பிறந்தன. பியானோவின் உச்ச ஸ்வரங்களில் ஒலி மெலிந்து சட்டென்று அணைந்துவிடும். ஓர் எண்மம் இறக்கினால்தான் கூவல் நீண்டு ஒலிக்கும். பறவை எல்லாருக்கும்தான் கூவுகிறது. அதைத் தாளில் பிடிக்க, தொடர்ச்சியாக நாட்கள் வேண்டும்.

இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளர் ரூத் க்ராஃபர்ட் 1929 கோடையில் அங்கே இருந்தார். மூத்த இசையமைப்பாளர் மேரியன் பாவருடன் பழகியது அவருக்குப் பெரிய பலம். திருமணமாகி நான்கு குழந்தைகள் பிறந்தபின் அவருடைய சொந்தப் படைப்பு ஏறக்குறைய நின்றுபோனது. 1952இல்தான் காற்றுக்கருவி ஐவருக்கான தொகுப்போடு திரும்பினார். அடுத்த ஆண்டு மறைந்தார். திறமை எங்கேயும் போய்விடவில்லை, பகல்தான் இல்லாமல் போனது. குழந்தையோடு வர முடியாத தங்கும் திட்டம் எதுவானாலும், அதிகம் தேவைப்படுகிற பெண்ணைத்தான் வெளியே நிறுத்துகிறது. ஆறு வாரம் வீட்டை விட்டு வர முடியாதவருக்கு இரண்டிரண்டு வாரமாகப் பிரித்துக் கொடுக்கலாமே.

இப்படி இடம் அமைக்க நினைப்பவர்கள் பியானோவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். மரக் குடிலில் ஈரக்காற்று ஏறினால் ஒலிப்பலகை (கம்பிகளின் அதிர்வைப் பெருக்கும் மரப்பலகை) உப்பி, சுருதி கூடும். கட்டைவரிசையின் நடுப்பகுதியில் அது முதலில் தெரியும். கட்டைகளும் ஒட்டிக்கொள்ளும். குளிருக்குச் சூடு போட்டு அறை காய்ந்தால் சுருதி இறங்கும். பருவம் மாறியதும் உடனே சுருதி சேர்க்காமல், மரம் புதிய ஈரப்பதத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் விட்டுச் சேர்த்தால்தான் நிற்கும். அடுப்புக்குப் பக்கத்திலோ வெயில் விழும் ஜன்னலோரத்திலோ பியானோவை வைக்காதீர்கள்.