நத்தம் கணவாய்க் கதையைப் பிள்ளைகளிடம் முழுதாகச் சொல்லுங்கள்

பானிப்பட்டில் எத்தனை போர் நடந்தது என்று மதுரைப் பிள்ளைகளிடம் கேட்டால் பட்டென்று மூன்று என்பார்கள். 1755 மே மாதம் நத்தம் கணவாயில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். அப்பாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அப்பா செல்போனைப் பார்ப்பார்.

ஆற்காட்டு நவாபுக்கு வரி வசூலித்துக் கொடுக்க மதுரைக்கும் நெல்லைக்கும் படையோடு வந்தவன் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான். வந்தவன் வரியோடு நிற்கவில்லை. கோயில்குடியில் கோயில் கதவை எரித்து உள்ளே புகுந்து விக்கிரகங்களை அள்ளிக்கொண்டது அவன் படை. அது திருமோகூர்க் கோயில்தான் என்பார்கள். சாமியைத் திருப்பித் தர ஐயாயிரம் ரூபாய் கேட்டார்கள், பணம் வரவில்லை. சிலைகள் மூட்டையில் ஏறின.

திருச்சிக்குத் திரும்பும் வழியில் நத்தம் கணவாய். இருபுறமும் அடர்ந்த காடு, நடுவே ஒடுங்கிய பாதை. பாரவண்டி ஒன்று சேற்றில் புதைந்தது. மாடுகள் இழுத்தும் அசையவில்லை. முன்னே சென்ற படையோ திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் வண்டிகளும் மூட்டைகளும் தனித்து நின்றன. அதற்காகவே காத்திருந்த கள்ளர் சமூகத்தார் காட்டுக்குள்ளிருந்து ஈட்டியோடு பாய்ந்தார்கள். "சாமி, சாமி" என்று கத்திக்கொண்டே மூட்டைகளைக் குடைந்து சிலைகளை மீட்டார்கள். ஹெரானைக் கம்பெனி பிறகு ராணுவ விசாரணையில் நிறுத்தி வேலையை விட்டு நீக்கியது.

இதைச் சொல்கிறவர்களும் இந்த இடத்தில் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். என் கோபமே அதில்தான். படையோடு வந்த வேலையாட்களும் அன்று செத்தார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று: ஹெரானின் அந்தப் படையெடுப்பில் சிப்பாய்களுக்குத் தலைவராக வந்தவர் யார்? ராமநாதபுரம் சீமைப் பனையூரில் பிறந்த யூசுப்கான். நம் கான்சாகிப்!

எட்டே வருடத்தில் அதே மனிதர் கம்பெனியையும் நவாபையும் எதிர்த்து மதுரைக் கோட்டையைப் பூட்டிக்கொண்டு நின்றார். 1764 ஜூனில் மதில் ஏறி வந்தவர்களை விரட்டியடித்தார். கம்பெனிப் படையின் மேஜர் பிரஸ்டன் அதில் பட்ட காயத்தால் இறந்தார். கடைசியில் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கு.

அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது, "முதலில் அவங்க பக்கம், பிறகு எதிர்ப்பக்கமா? ஏன் மாமா?" என்றான். அரைமணி நேரம் விடவில்லை. வாள் எத்தனை அடி, குதிரை என்ன நிறம் என்றெல்லாம் கேட்கிற பையன், அன்று அதில் ஒன்றையும் கேட்கவில்லை.

பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் இந்த முடிச்சைத்தான் முதலில் வெட்டி எறிகிறார்கள். குழம்பிவிடுவார்களாம்! மாமன்னர், மாவீரர் என்று பட்டம் சூட்டி, மீசை முறுக்கிய படம் ஒன்று போட்டால் புத்தகம் தயார். மீதியைச் சாதி மேடைகள் பார்த்துக்கொள்கின்றன, யாருடைய வீரர் என்று பங்கு பிரிக்க.

கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருப்பதும் நத்தம் சாலையில்தான். அங்கே பிள்ளைகள் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஆறாம் வகுப்புக்காரனுக்கு ஒரு சின்னப் புத்தகம் போதும். சேற்றில் புதைந்த வண்டியிலிருந்து தொடங்குங்கள். திருமோகூர், நத்தம், கான்சாகிப் அடக்கமான சம்மட்டிபுரம் தர்கா மூன்றையும் காட்டி ஒரு வரைபடம் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வண்டி எடுக்க வைத்துவிடுவான். விலையை மட்டும் நூறு ரூபாய்க்குள் வையுங்கள்.