சாய்ஸில் விடச் சொன்ன பெரியவருக்கு

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிக் கூட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு நீங்கள் சொன்ன யோசனையை நான் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை, அந்த வீடியோதான் குரூப் குரூப்பாகச் சுற்றுகிறதே. "ஜியோமெட்ரியும் கிராஃபும் போட்டாலே 16 மார்க். வேர்டு பிராப்ளத்தைச் சாய்ஸில் விடுங்க, மலைப் பிள்ளைகளுக்கு அது ஏறாது." கைதட்டல் வேறு!

16 மார்க் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஐயா, வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றுவதுதான் கணக்கு. எக்ஸை அந்தப் பக்கம் தள்ளிக் குறியை மாற்றுவது வெறும் கைப்பழக்கம்.

நம்ம ஊர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய நாலு கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கும். இலையின் எடை இ, தூளின் எடை தூ. எழுதச் சொன்னால் என் டியூஷனில் பாதிப் பேர் 4இ = தூ என்பார்கள். வாக்கியம் போகிற வரிசையிலேயே எழுதிவிடுகிறார்கள். இ என்பது 'இலை' இல்லை, அது ஒரு எண் என்பது மனதில் பதியவில்லை. 100 கிலோ இலையைப் போட்டுப் பார் என்பேன். 400 கிலோ தூள் வரும்! அப்படி ஒரு பேக்டரி இருந்தால் நீலகிரியில் யாருக்கும் கடனே இருக்காது. சிரித்துவிட்டு, இ = 4தூ என்று அவர்களே திருத்துவார்கள். ஏறாதாம்.

அமெரிக்காவில் பொறியியல் மாணவர்களிடம் "பேராசிரியர் ஒருவருக்கு மாணவர் ஆறு பேர்" என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னார்கள். 1980களின் தொடக்கத்தில் வந்த ஆய்வு. மூன்றில் ஒருவருக்கு மேல் தப்பு, பெரும்பாலும் இதே தலைகீழ்த் தப்புதான். அவர்கள் எந்த மலைப் பிள்ளைகளோ?

"பாஸ் ஆனால் போதாதா?" என்பீர்கள். உங்கள் பிள்ளைக்கு அது போதுமா, அதை முதலில் சொல்லுங்கள். "ஏஐ போட்டுத் தருமே?" தரும். பரீட்சை ஹாலுக்குள் போனை விடுவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

நான் ஒன்பதாவது படித்தபோது ஒரு மழை மாதம். இலை வாங்கும் ஏஜென்ட், நனைந்த இலைக்குத் தண்ணிக் கழிவு 8 சதவீதம் போக 276 கிலோ என்று சீட்டு கொடுத்தார். அப்பா 276-க்கு 8 சதவீதம் கூட்டினார், 298 வந்தது. பறிகூலி நோட்டில் 300. இரண்டு கிலோவைத் தின்றுவிட்டான் என்று கிளம்பினார். நான் பறித்த இலையின் எடையை எக்ஸ் என்று வைத்து எக்ஸ் − 8எக்ஸ்/100 = 276 என்று போட்டேன், எக்ஸ் சரியாக 300. ஏஜென்ட் மேல் தப்பில்லை. ஆனால் அடுத்த மழையில் அதே 300-க்குச் சீட்டில் 270 வந்தது. கேட்டால் அப்போதும் 8 சதவீதம்தானாம். இந்த முறை அப்பா நோட்டோடு போனார், ஆறு கிலோவுக்குக் காசு வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். எங்கள் வீட்டில் அது அரிசிக் காசு. இதைத்தான் சாய்ஸில் விடச் சொல்கிறீர்கள்.

யாருக்கு இது ஏறாமல் இருந்தால் யாருக்கு வசதி என்று இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வருகிறது. எடை போடுகிறவருக்குத் தெரிந்த கணக்கு பறிக்கிறவர் பிள்ளைக்குத் தெரியக் கூடாதா?

அப்புறம், "டியூஷன்காரிக்குப் பிழைப்பு போய்விடும் என்ற பயம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார், நாற்பது லைக். அண்ணா, சாய்ஸில் விடச் சொன்னால் எனக்கு வேலை மிச்சம், ஃபீஸ் அதேதான். "உணர்ச்சிவசப்படாதீங்க மேடம்" என்று கீழே யாராவது வந்தால் பிளாக்தான்.