அனுரோக்னாதஸ் வௌவாலின் மூதாதை அன்று

"பெரிய டைனோசர்களின் முதுகில் வாழ்ந்த குட்டி டைனோசரான அனுரோக்னாதஸிலிருந்தே வௌவால் தோன்றியது" என்று படத்துடன் வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. ஜெர்மனியின் பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்து, 1923இல் லுட்விக் டோடர்லைன் பெயரிட்ட இவ்வுயிர், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டெரோசார் என்னும் பறக்கும் ஊர்வனவாகும். டைனோசர்களுக்கு உறவேயன்றி டைனோசர் அன்று. வௌவாலோ பாலூட்டி. இறக்கையைக் கூர்ந்து பார்த்தாலே வேறுபாடு விளங்கிவிடும்: வௌவாலின் சவ்வை நான்கு விரல்கள் விரித்துப் பிடிக்க, இதன் சவ்வை மிக நீண்டு வளர்ந்த நான்காம் விரல் ஒன்றே தாங்கியது. அகன்ற வாயையும் பெரிய கண்களையும் கொண்டு, பறக்கும் பூச்சிகளைப் பிடித்துண்டது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். முதுகில் அமர்ந்த காட்சியோ 1999இல் பிபிசி தொடரொன்று காட்டிய கற்பனை. அதற்குப் புதைபடிவச் சான்று கிடையாது.